மீனுக்கு முன்னால் தீனி: வீவக அடுக்குமாடி வீட்டில் மீனுக்கு உயிருணவு வளர்க்கும் வழி

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு இப்படி ஓர் அழைப்பு வரும். "அண்ணே, சண்டைமீன் நுரைக்கூடு கட்டி முட்டை போட்டிருச்சு. குஞ்சு வந்தா என்ன போடணும்?" கேட்பவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். பதில் சொல்ல எனக்குத்தான் சங்கடம். பந்தியில் இலை போட்ட பிறகு அரிசி களையப் போகிற கதை இது.

கணக்கைப் பாருங்கள். நம் சிங்கப்பூர்ச் சூட்டில் சண்டைமீன் முட்டை ஒன்று அல்லது இரண்டு நாளில் பொரிந்துவிடும். அதன் பிறகு இரண்டு மூன்று நாள் குஞ்சுகள் கூட்டுக்கு அடியில் தொங்கிக்கொண்டு, வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவைக் கரைத்துப் பிழைக்கும். பிறகு படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கும். அன்றைக்கே அவற்றுக்குப் பசிக்கும். முட்டை விழுந்ததிலிருந்து மொத்தம் மூன்று முதல் ஐந்து நாள்தான். குஞ்சுக்கு இரையாகும் மைக்ரோ புழு என்ற நுண்புழு பெருகவே ஐந்து நாள் ஆகும். வினிகரில் வளரும் வினிகர் புழுவுக்கு மூன்று நான்கு வாரம். ஆக, ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் விடுவதற்கு முன்னால் தீனி தயாராக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தூள் தீனி போதாதா என்று கேட்கலாம். வளர்ந்த கப்பி, மோலி, தங்கமீன் மட்டும் வைத்திருப்பவருக்குப் போதும். கடையில் விற்கும் குருணையும், வாரத்துக்கு இரண்டு நாள் உறைநிலை இரத்தப்புழுவும் கொடுத்தால் அவை நன்றாகவே இருக்கும். வீட்டில் புழு வளர்த்து அம்மாவிடம் திட்டு வாங்கவேண்டிய அவசியம் இல்லை. குஞ்சு விஷயம் வேறு. அசையும் பொருளைத்தான் அது இரையென்று அடையாளம் காணும். தூள் அசையாமல் அடியில் போய்ப் படிந்து அழுகும். குஞ்சு பட்டினி கிடக்கும், தண்ணீரும் கெடும். இரண்டில் எது முதலில் கொன்றது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஜோடி சேர்ப்பதற்கு முன் பெற்றோர் மீன்களைத் தேற்றவும் உயிருள்ள தீனி நல்லது. பெண் மீனுக்கு வயிற்றில் முட்டை நிறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நம் ஊருக்கு எது பொருந்தும்

குளிர் நாட்டவர்கள் எழுதிய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு இங்கே முயல்பவர்கள் இரண்டு இடத்தில் அடி வாங்குவார்கள். ஒன்று, வெள்ளைப் புழு. அதற்கு 15 முதல் 20 பாகை வரை குளிர் வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் தனித்தட்டு ஒதுக்க வீட்டில் சம்மதிப்பார்களா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, டாஃப்னியா மேக்னா என்னும் பெரிய நீர்த்தெள்ளு. அதுவும் குளிர் விரும்பிதான். பகலில் 31, 32 பாகை தொடும் நம் வீட்டு ஜன்னலோரத்தில் சோர்ந்து செத்துவிடும்.

இதே சூடுதான் வேறு சிலவற்றுக்கு வரம். மொய்னா என்ற சின்ன நீர்த்தெள்ளு, மைக்ரோ புழு, வினிகர் புழு, உப்புநீர் இறாலான ஆர்ட்டீமியா ஆகிய நான்கும் இங்கே தனிச் சூடேற்றி எதுவும் இல்லாமல் வளரும். அவற்றோடு கிரிண்டல் புழுவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். நான் அப்படித் தொடங்கி மூன்று வாரத்தில் நான்கை இழந்தவன். மைக்ரோ புழுவில் ஆரம்பியுங்கள், அது கை பழகியதும் அடுத்ததற்குப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் கொஞ்சம் 'உறை' வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுகிறோமே, அதே கதைதான். மீன் வளர்க்கும் நண்பரிடம் ஒரு கரண்டி கேட்டு வாங்கலாம். காரோசல் இணையச் சந்தையில் தேடினாலும் சில வெள்ளிக்குக் கிடைக்கும். செராங்கூன் நார்த், கிளமெண்டி பக்கத்து வளர்ப்பு மீன் கடைகளில் தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) கேட்டுப் பார்க்கலாம்; இல்லையென்றாலும் யாரிடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்புவார்கள். ஆர்ட்டீமியாவுக்கு மட்டும் உறை தேவையில்லை, முட்டையே டப்பியில் விற்கும்.

தண்ணீர்

தமிழ்நாட்டில் எங்கள் பெரியப்பா குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் வெயிலில் வைப்பார். குளோரின் பறந்துவிடும், மறுநாள் மீனுக்கு ஊற்றலாம். அதே பழக்கத்தில் இங்கேயும் செய்தேன். மொய்னா மொய்த்துக்கொண்டிருந்த தொட்டியில், ஒரு நாள் வைத்த தண்ணீரைப் பாதி வாளி ஊற்றிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அடியில் வெள்ளையாக மாவு படிந்தது போல் கிடந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை.

பொதுப் பயனீட்டுக் கழகம் நமக்குத் தரும் குழாய்நீரில் இருப்பது வெறும் குளோரின் அல்ல, குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. அது குழாயில் நெடுந்தூரம் போனாலும் நிலைத்து நிற்க வேண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படுவது, ஒரு நாள் வெயிலுக்கு அசையாது. மனிதனுக்கு ஒன்றும் செய்யாது, மொய்னாவைக் கொல்லும். எனவே எந்தத் தொட்டிக்கும் புதுத் தண்ணீர் ஊற்றும் முன் ஆண்டி குளோரின் மருந்து கட்டாயம். குளோரமினுக்கும் சேர்த்து வேலை செய்யுமா என்று புட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வாராவாரம் மீன் தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுக்கும் பழைய தண்ணீரைக் கொட்டாதீர்கள். ஏற்கெனவே பக்குவப்பட்டது, குளோரமின் இல்லாதது. மொய்னாவுக்கு இதைவிட உகந்த தண்ணீர் கிடையாது. தொட்டிக்கு அண்மையில் மருந்து எதுவும் போடவில்லையே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செம்பு கலந்த மருந்து சொட்டு இருந்தாலும் நீர்த்தெள்ளுக்கு ஆகாது.

கொசு

கம்பத்து (கிராமத்து) வாழ்க்கைக் காலத்தில் சண்டைமீன் வளர்த்த தாத்தாக்களைக் கேட்டால், கொசுப்புழுவைவிடச் சிறந்த தீனி உலகில் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் இன்றைய சிங்கப்பூரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம்தான் எடுக்கும். வீட்டில் கொசு பெருக விடுவது சட்டப்படி குற்றம். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வந்து கதவைத் தட்டும்போது, "இது மீனுக்காக" என்ற விளக்கம் செல்லாது, செல்லவும் கூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நம் பொழுதுபோக்கு எந்த மூலைக்கு?

கொசுப்புழு வளர்க்காவிட்டாலும் பிரச்சினை தீர்ந்துவிடாது. மொய்னாத் தொட்டி என்பது என்ன? மீன் இல்லாத, அலையில்லாத, சத்து நிறைந்த தேங்கிய நீர். தாய்க்கொசு கனவு காணும் இடம் அது. மீனை விட்டுக் கொசுப்புழுவைத் தின்னவைக்கலாம் என்றால் மீன் மொய்னாவையும் சேர்த்துத் தின்றுவிடும். ஆகவே மூடுவது ஒன்றே வழி. நெருக்கமான கண்ணுள்ள வலைத்துணியைத் தொட்டிவாயில் போர்த்திச் சுற்றிலும் எலாஸ்டிக் கட்டுங்கள். மேலே சும்மா போட்டு வைத்தால் போதாது, காற்றில் ஒரு மூலை தூக்கினாலும் கொசு நுழையும். வலை நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொடாமல் இழுத்துக் கட்ட வேண்டும். தினமும் மொய்னா அள்ளும்போது நெளியும் புழு ஏதாவது வலையில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அப்படியே வடிகட்டி மீனுக்குப் போட்டுவிட்டு, வலையில் எங்கே ஓட்டை என்று தேடுங்கள்.

தொட்டியைத் தாழ்வாரத்தில் வைக்கலாமா என்று கேட்பார்கள். தீ விபத்தின்போது ஆட்கள் வெளியேற 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. பல புளோக்குகளில் அளந்து பார்த்தால் ஒரு வாளிக்குக்கூட இடம் மிஞ்சாது. நான் சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் பகுதியில் வைத்திருக்கிறேன். வெளிச்சம் உண்டு, நேர் வெயில் இல்லை.

மைக்ரோ புழு: முதல் பாடம்

மில்லிமீட்டர் கணக்கில் ஒன்று, ஒன்றரை நீளம், நூலைவிட மெல்லியது. கடையில் பொட்டலம் கட்டித் தரும் தாபாவ் சோற்று டப்பா ஒன்று போதும். நான்கு மேசைக்கரண்டி ஓட்ஸைத் தண்ணீர் விட்டுக் கெட்டிக் கஞ்சியாகக் காய்ச்சுங்கள். உப்பு, பால், சர்க்கரை எதுவும் வேண்டாம். நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். ஆறாமல் உறை போட்டால் புழு வெந்துவிடும், சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. ரொட்டி சுடும் ஈஸ்ட் ஒரு சிட்டிகை மேலே தூவி, நடுவில் ஒரு கரண்டி உறையை வையுங்கள். மூடியில் நான்கைந்து ஊசித்துளை போட்டு, உள்பக்கம் வடிகட்டிப் பஞ்சு ஒட்டுங்கள். காற்று போகும், பழ ஈ நுழையாது. பஞ்சை மறந்தால் இரண்டாம் வாரம் டப்பாவைத் திறக்கும்போது ஈக்கூட்டம் முகத்தில் அடிக்கும்.

நான்காவது அல்லது ஐந்தாவது நாள் டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கஞ்சியின் மேல்பரப்பு மினுமினுவென்று நெளியும். சுவரில் வெள்ளை வலைபோல் புழுக்கள் ஏறி நிற்கும். ஏறியதை மட்டும் விரலால் வழித்து, ஒரு கோப்பைத் தண்ணீரில் அலசி, சொட்டுசொட்டாகக் குஞ்சுகளுக்கு விடுங்கள். கஞ்சியைத் தோண்டி எடுக்காதீர்கள், தொட்டி நாறும்.

மைக்ரோ புழு தண்ணீரில் மூழ்கிவிடும், ஆனால் அடியில் பல மணி நேரம் உயிரோடு நெளியும். அடியில் மேயும் குஞ்சுகளுக்குக் கொண்டாட்டம். மேல்மட்டத்திலேயே சுற்றும் குஞ்சுகளுக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

குளிர் நாடுகளில் ஒரு டப்பா ஒரு மாதம்கூடத் தாங்கும் என்பார்கள். நம் சூட்டில் இரண்டு வாரம்தான். கஞ்சி நீர்த்துப் பழுப்பாகிறது, புளித்த வாசனை போய் அழுகல் வாசனை வருகிறது என்றால் அதன் ஆயுள் முடிந்தது. அதனால் ஒரே டப்பாவை நம்பாதீர்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு டப்பா ஓடட்டும். பழையதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் புதியதற்கு உறை. எனக்குச் சனிக்கிழமை காலை அதற்கான நேரம், இட்லி வேகும் இடைவெளியில் முடிந்துவிடும். ஓட்ஸ் கஞ்சிப் பாத்திரத்தை மட்டும் நானே கழுவிவிட வேண்டும் என்பது வீட்டு ஒப்பந்தம்.

வினிகர் புழு: மறந்தாலும் சாகாது

சோம்பேறிகளுக்கென்றே படைக்கப்பட்டது. ஆப்பிள் சிடர் வினிகர் பாதி, தண்ணீர் பாதி, ஒரு துண்டு ஆப்பிள். கண்ணாடிப் புட்டியில் முக்கால் பாகம் ஊற்றி உறையைச் சேர்த்து, வாயில் துணி கட்டி அலமாரியில் வைத்துவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில், டார்ச் அடித்துப் பார்த்தால் மேல்மட்டத்தில் கோடுகோடாக நெளிவது தெரியும். பிறகு மாதக்கணக்கில் கவனிக்காவிட்டாலும் இருக்கும்.

அறுவடையில்தான் ஒரு தந்திரம் உண்டு. வினிகரை அப்படியே மீன் தொட்டியில் ஊற்ற முடியாது. கழுத்து நீண்ட குறுகிய புட்டி ஒன்றை எடுத்து, கழுத்தின் அடிவரை புழு உள்ள வினிகரை ஊற்றுங்கள். வடிகட்டிப் பஞ்சை உருட்டி, வினிகரைத் தொடும்படி கழுத்தில் அடையுங்கள். பஞ்சுக்கு மேல் பழைய தொட்டித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். காற்றைத் தேடிப் புழுக்கள் பஞ்சைத் துளைத்து மேலே நல்ல தண்ணீருக்கு வந்துவிடும். இரவு வைத்தால் காலையில் மேல்நீர் பால்போல் இருக்கும். அதைச் சொட்டியால் உறிஞ்சி நேரே குஞ்சுகளுக்கு விடலாம்.

இவை மூழ்காமல் தண்ணீர் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும், நல்ல தண்ணீரில் சில நாள் உயிரோடும் இருக்கும். முதல் மூன்று நான்கு நாள் சண்டைமீன் குஞ்சுக்கு என் முதல் தேர்வு இதுதான். காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்களுக்கு, நடுவில் தீனி தீர்ந்துவிடுமோ என்ற கவலை இல்லை.

புழு எதுவும் கிடைக்கவில்லை, குஞ்சு நாளை மறுநாள் நீந்தப் போகிறது என்றால்? ஒரு வழி இருக்கிறது. தொட்டியில் பாசிக்கொத்து இருந்தால் அதைப் பழைய தண்ணீருள்ள கிண்ணத்தில் பிழியுங்கள். அந்தக் கலங்கலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நிறைய இருக்கும், முதல் நாட்களுக்கு அதையே சொட்டுசொட்டாக விடலாம். மிச்சத்தில் காய்ந்த வாழைப்பழத்தோல் ஒரு துண்டு போட்டு மூடி வைத்தால் நான்கைந்து நாளில் பெருகும். தண்ணீர் முதலில் வெள்ளையாகக் கலங்கும், அது பாக்டீரியா. பிறகு தெளியத் தொடங்கும்போதுதான் நமக்கு வேண்டியவை நிறைந்திருக்கும். அந்த வெள்ளைக் கலங்கலைப் பார்த்துவிட்டு அவசரப்பட்டு ஊற்றாதீர்கள்.

ஆர்ட்டீமியா: செலவு உண்டு, பலனும் உண்டு

குஞ்சு பிறந்து ஒரு வாரம் ஆனதும் இதற்கு மாற வேண்டும். கப்பிக் குஞ்சு என்றால் பிறந்த அன்றே கொடுக்கலாம், அதற்கு வாய் பெரிது. ஆர்ட்டீமியா என்பது உப்பு ஏரிகளில் வாழும் சின்ன இறால் வகை. அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரியிலிருந்து வரும் முட்டைதான் பெரும்பாலும் கடையில் இருப்பது. காய்ந்த முட்டை உப்புநீர் பட்டதும் உயிர் பெறும்.

ஒன்றரை லிட்டர் குளிர்பானப் புட்டியின் அடியை வெட்டி, தலைகீழாக ஒரு ஜாடியில் நிறுத்துங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல் உப்பு, ஏறக்குறைய ஒன்றரை மேசைக்கரண்டி. ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை. முட்டை அரைத் தேக்கரண்டி. காற்றுக்குழாயைக் கூம்பின் அடிவரை இறக்கி, முட்டைகள் எங்கும் தேங்காமல் சுழலும்படி குமிழி விடுங்கள். நுரைக்கல் வேண்டாம், வெறும் குழாய்தான் நல்லது. மேலே விளக்கு ஒன்று எரியட்டும். காற்றுப்பம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்திருந்தால் குழாயில் திருப்பாவால்வு மாட்டுங்கள். இல்லையென்றால் மின்சாரம் நின்ற நேரத்தில் உப்புநீர் பின்னோக்கி வந்து பம்பில் இறங்கும்.

சுமார் 28 பாகையில் 24 மணி நேரத்தில் பொரித்துவிடும். நம் வீட்டு அறைச் சூடு அதுதான். டிசம்பர் மழையில் அறை குளிரும் நாட்களில் ஆறேழு மணி நேரம் கூடுதலாக ஆகும். தண்ணீர் ஆரஞ்சு நிறமாக மாறியதும் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். காலி ஓடுகள் மேலே மிதக்கும். பொரியாத முட்டை அடியில் படியும். அதற்குச் சற்று மேலே ஆரஞ்சு மேகமாகக் குஞ்சுகள் நிற்கும். ஓரத்தில் டார்ச்சைக் காட்டினால் வெளிச்சத்துக்கு ஓடி வந்து கூடும். அங்கே சின்னக் குழாயை நுழைத்து உறிஞ்சி, நெருக்கமான துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிக் கொடுங்கள். ஓடு கலந்து போனால் குஞ்சின் குடலை அடைக்கும், அதனால் இந்தப் பத்து நிமிடத்தைச் சுருக்க வேண்டாம்.

பொரித்த உடனே கொடுப்பது முக்கியம். அப்போதுதான் அதன் வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும். ஆறேழு மணி நேரத்தில் அதைக் கரைத்துவிடும், பிறகு சத்துக் குறைந்த ஓடுதான். மிஞ்சியதைக் கொஞ்சம் உப்புநீரோடு தட்டையான டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு நாள், இரண்டு நாள் தாங்கும். டப்பாமேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அது கேரட் சாறு என்று நினைக்கப்பட்டது. நல்லவேளை, மூடியைத் திறந்ததோடு நின்றது.

ஒரு வேளைக்கு எவ்வளவு? குஞ்சின் வயிறு ஆரஞ்சு மணிபோல் உப்பியிருந்தால் போதும். நல்ல தண்ணீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரத்தில் செத்துவிடும். செத்தது கிடந்தால் தண்ணீர் நாறும். அளவு குறைத்து நாளுக்கு மூன்று வேளை என்பதே சரி. முட்டை டப்பியை இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்று பட்டால் பாதிகூடப் பொரிக்காது.

மொய்னா: பொறுமை உள்ளவர்களுக்கு

லிம் சூ காங், சுங்கை தெங்கா என்று பேர் போன நம் மீன் பண்ணைகள் அந்தக் காலத்தில் கோழி எருவிட்ட குளங்களில் பெருக்கியது இந்தச் சின்னச் சிவப்புப் பூச்சியைத்தான். வீட்டில் எரு வேண்டாம், அக்கம்பக்கம் பொறுக்காது. ஈஸ்ட் போதும். தரைவீட்டில் குளம் வைத்திருப்பவர்கள், குளத்திலேயே விட்டால் மீன் ஒரே நாளில் தீர்த்துவிடும் என்பதால், தனித்தொட்டியில் வளர்த்து அள்ளிப் போட வேண்டும்.

20 லிட்டருக்குக் குறையாத தொட்டி எடுங்கள். சின்னப் பாத்திரத்தில் வளராது என்றில்லை, ஆனால் சூடும் அழுக்கும் சட்டென்று ஏறிச் சட்டென்று செத்துவிடும். பழைய மீன் தொட்டித் தண்ணீரை நிரப்பி, உறையைப் பையோடு அரைமணி நேரம் மிதக்கவிட்டுப் பிறகு விடுங்கள். கால் தேக்கரண்டி ஈஸ்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, அதில் கொஞ்சம்கொஞ்சமாக ஊற்றித் தண்ணீர் லேசாக மங்கியதும் நிறுத்துங்கள். மறுநாள் பார்க்கும்போது தெளிந்திருந்தால் மறுபடி ஊற்றலாம். தெளியவில்லையா, அன்று தீனி கிடையாது. மொய்னா வளர்ப்பில் தோற்றவர்களில் பெரும்பாலோர் அளவுக்கு மீறி ஊட்டித்தான் தோற்றார்கள். பசியில் செத்த மொய்னாவை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஈஸ்டைவிடப் பச்சைத்தண்ணீர் சிறந்தது. இரண்டு மூன்று தெளிந்த புட்டிகளில் பழைய தொட்டித் தண்ணீரை ஊற்றி மூடி, வெயில் படும் ஜன்னலில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் நுண்பாசி பெருகிப் பட்டாணிப் பச்சையாகும். அதை நாளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினால் மொய்னாவும் கொழுக்கும், தண்ணீரும் கெடாது.

காற்று விடுவதானால் நிமிடத்துக்குச் சில பெரிய குமிழி மட்டும். பொடிக்குமிழி ஓட்டுக்குள் புகுந்து பூச்சியை மேலே தூக்கி மிதக்கவிட்டுக் கொல்லும். பிறந்த மொய்னா நான்கைந்து நாளில் தானே குட்டி போடத் தொடங்கிவிடும், ஆண் துணைகூட வேண்டாம். பத்து நாளில் தண்ணீர் மொய்க்கும். அப்போதிலிருந்து தினமும் நான்கில் ஒரு பங்கை வலையால் அள்ளுங்கள். அள்ளாமல் விட்டால் நெரிசலில் ஒரே இரவில் கூண்டோடு போகும். இது கஞ்சனுக்கு ஏற்ற வளர்ப்பு அல்ல.

பூச்சிகள் வழக்கத்தைவிடச் சிவந்தால் தண்ணீரில் உயிர்வளி குறைகிறது என்று பொருள். முதுகில் கருஞ்சேணம்போல் ஒரு பொட்டு தென்பட்டால் நெருக்கடிக்கால முட்டை உருவாகிறது. இரண்டுமே 'தண்ணீர் மாற்று' என்று அது சொல்லும் சேதி. மூன்றில் ஒரு பங்கை மாற்றிவிடுங்கள். அந்தக் கரிய முட்டைகள் அடிவண்டலில் படியும். வண்டலை எடுத்து நிழலில் உலர்த்தி ஒரு பொட்டலத்தில் வைத்தால், தொட்டி முழுதும் செத்தாலும் தண்ணீரில் போட்டு மறுபடி தொடங்கலாம்.

கிரிண்டல், டியூபிஃபெக்ஸ்

ஒரு சென்டிமீட்டர் நீளக் கிரிண்டல் புழு வளர்ந்த சண்டைமீனுக்கும் கப்பிக்கும் தோது. தேங்காய் நார்த்தூளில் கொதிநீர் ஊற்றி ஆறவைத்துப் பிழிந்து டப்பாவில் பரப்பி, உறை விட்டு, பூனைத்தீனி இரண்டு மூன்று உருண்டை வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் துண்டால் மூடுங்கள். இரண்டு நாளில் துண்டின் அடியில் புழு அப்பியிருக்கும். தூக்கி அலசினால் தீனி தயார். இங்கே எதிரி எறும்பு. நம் பாட்டிமார்கள் அலமாரிக் காலுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார்களே, அதைச் செய்யாதீர்கள். கொசு அங்கேயும் முட்டையிடும். டப்பாவின் வெளிச்சுவரில் வாசலைன் ஒரு பட்டை தடவினால் எறும்பு ஏறாது.

டியூபிஃபெக்ஸ் செம்புழுவைக் கடையில் பார்த்திருப்பீர்கள். மீன் அதைப் பார்த்தால் பைத்தியமாகும். அது வளர்வது சாக்கடைச் சேற்றில். எவ்வளவு அலசினாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. நான் வாங்குவதை நிறுத்திப் பல ஆண்டு ஆகிறது. லோங்காங்கில் (வடிகாலில்) இறங்கியோ நீர்த்தேக்க ஓரத்திலோ எதையும் அள்ளி வராதீர்கள், அங்கே எதையும் கொட்டவும் செய்யாதீர்கள். நோயும் நீர்ப்பூச்சியும் இரு திசையிலும் பயணம் செய்யும்.

செத்துப்போன மைக்ரோ புழுக் கஞ்சியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மொய்னாத் தொட்டிப் பழைய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல உரம். உப்பில்லாததுதானா என்று பார்த்து ஊற்றுங்கள். ஆர்ட்டீமியாத் தண்ணீரை ஊற்றி ஒரு மல்லிகையை நான் இழந்திருக்கிறேன்.

ஊருக்குப் போகும்போது

டிசம்பர் பள்ளி விடுமுறையில் மூன்று வாரம் திருச்சிக்கோ மதுரைக்கோ போகிறோம் என்றால் வளர்ப்புகளை என்ன செய்வது? கிரிண்டலுக்கு ஈரம் பார்க்கச் சொல்லி நண்பரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகலாம். மைக்ரோ புழுவுக்குக் கிளம்பும் நாளன்று புது டப்பா ஒன்று உறை போடுங்கள். திரும்பும்போது நாறியிருக்கும், ஆனாலும் ஓரத்தில் உயிருள்ள கொஞ்சம் இருக்கும், அதிலிருந்து மீட்டுவிடலாம். ஆர்ட்டீமியா முட்டை குளிரில் கிடக்கும். மொய்னாத் தொட்டியை மட்டும் விட்டுப் போகாதீர்கள். வலை கட்டியிருந்தாலும் சரி. பாதியை யாருக்காவது கொடுங்கள், வண்டலை உலர்த்தி எடுத்து வையுங்கள், தொட்டியின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. கழுவிய தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள். வினிகர் புட்டி அலமாரியிலேயே இருக்கட்டும், அது நீங்கள் போனதையே கவனிக்காது.